அயல்மணம்

ஸுக்டிடியில் இறங்கும்போது
என்னிடம் பதினோரு விதிகள் இருந்தன.
காரத்துக்கு இனிப்பு ஒயின்.
துவர்ப்பு கூடினால் எரிவு ஏறும்.
மீதி ஒன்பதும் இதே ரகம்.
பத்திரிகை கேட்டது
எண்பது சொற்கள், ஒரு படம்,
ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்.

ஸிஸினோ ஷோனியா முழங்கை வரை சிவந்திருந்தாள்.
காய்ந்த மிளகாய், பூண்டு, கல்லுப்பு, மல்லி விதை
எல்லாம் கல்லுக்கடியில் நசுங்கி
அஜிக்கா ஆகிக்கொண்டிருந்தன.
கண்ணைத் தொடாதே என்றாள்,
நான் தொட்ட பிறகு.

ஜோண்டோதான் ஓட்டுநர், மொழிபெயர்ப்பாளரும்.
அவள் ஐந்து நிமிடம் பேசுவாள்.
அவன் சொல்வான்:
"உப்பைக் குறைக்கக் கூடாதாம்."

தகர டப்பாவிலிருந்து கடைசியாக ஒரு பொடி.
முகர்ந்தேன்.
வெந்தயம்.
கொஞ்சம் மெலிந்து, வைக்கோல் வாடை ஏறிய
வெந்தயமேதான்.
இதற்கு இங்கே என்ன பேர்?
உத்ஸ்கோ சுநேலி.
அப்படியென்றால்?
ஜோண்டோ யோசித்தான். "அயல்மணம்."
எந்த ஊரிலிருந்து வருகிறது?
ஸிஸினோ கரண்டியால் ஜன்னலைக் காட்டினாள்.
வேலியோரம்
அறுத்துக் கட்டிய தாள்கள்,
அவற்றைச் சுற்றிக் கோழிகள்.

மேசைக்கு வந்தது கார்ச்சோ.
அக்ரூட் அரைத்த குழம்பில் மாட்டிறைச்சி,
பக்கத்தில் வெள்ளைச் சோளக் களி,
களிக்குள் செருகிய சுல்குனிப் பாலாடைக்கட்டி
மெல்ல இளகிக்கொண்டு.

முதல் புட்டி, திபிலீசியில் நான் வாங்கிய சபெராவி.
எரிகிற வீட்டில் எண்ணெய்.
காது வரை கேட்டது.

இரண்டாவது, அரை இனிப்பு ஒஜலேஷி.
விதி எண் ஒன்று.
பாடப்புத்தகம் மாதிரிப் பொருந்தியது.
ஸிஸினோ ஒரு வாய் குடித்து
"இருமலுக்கு நல்லது" என்றாள்.
இதை மட்டும் ஜோண்டோ
சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தான்.

பிறகு எழுந்து போய்
கட்டிலுக்கடியிலிருந்து கொண்டுவந்தாள்,
சூரியகாந்தி எண்ணெய் விற்ற
ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை.

அது எங்குரி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஒயின்.
அங்கே அவளுக்கு ஒரு வீடு இருந்தது.
கூரை போன வருடத்தை விரலில் எண்ணினாள்,
விரல் போதவில்லை.
ஆல்டர் மரம் இருக்கிறது.
அதன் மேல், கமுகில் மிளகுக்கொடி ஏறுவதுபோல்,
ஒஜலேஷிக் கொடி.
கொழுந்தன் மனைவி மெரி
உச்சிக் கிளையிலிருந்து பழத்தைக்
கூம்புக் கூடையில் கயிறு கட்டி இறக்குகிறாள்.
பாலத்தில் விடுகிற நாளில்
மூட்டுவலி மாத்திரை வாங்க இந்தப் பக்கம் வருகிறாள்,
கையில் எண்ணெய் பாட்டிலோடு.

குடித்தேன்.
புளிப்பு. ஓரத்தில் காடி.
பேருந்தில் குலுங்கிய கலங்கல்.
என் தொழிலில் இதற்குப் பெயர் பழுது.
கார்ச்சோவை ஒரு வாய் தின்று
இன்னொரு மிடறு.
எரிவு இருந்த இடத்திலேயே இருந்தது.
ஒயின் அதன் பக்கத்தில் போய்
உட்கார்ந்துகொண்டது.

ஜோண்டோ எழுந்து நின்றான்.
அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு, என்றான்.
அந்தப் பக்கத்து மண்ணுக்கடியில் இருப்பவர்களுக்கு.
அடுத்து நான் சொல்ல வேண்டுமாம்.
நறவு, தேறல், மட்டு என்று
கள்ளுக்கே அத்தனை சொல் வைத்திருக்கும் மொழியில்
எனக்கு ஒன்றும் வரவில்லை.
வெளிநாட்டை நாங்கள் அயல்நாடு என்போம், என்றேன்.
அடுத்த வீடும் எங்களுக்கு அயல்தான்,
அதே சொல்.

ஜோண்டோ இதைச் சொல்லி முடிக்க
வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.
ஸிஸினோ ஒன்றும் பேசவில்லை.
என் கிளாஸை விளிம்பு வரை நிரப்பிவிட்டுப்
பாட்டில் மூடியை இறுக்கித் திருகினாள்,
மெரி அடுத்து எப்போது வருவாளோ.

எண்பது சொற்களையும்
அரை இனிப்புக்கே எழுதினேன்.
நான்கு நட்சத்திரம்.
அதுதான் கடையில் கிடைக்கும்.
படத்தின் இடது ஓரத்தில் எண்ணெய் பாட்டில் இருந்தது,
ஆசிரியர் வெட்டிவிட்டார்.
மேசைத்துணியில் அதன் சிவப்பு நிழல் மட்டும்
களித் தட்டை ஒட்டி
இன்னும் கிடக்கிறது.